வாங்கிலிருந்து எழும்பிய அன்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பந்தை எப்படிப் பிடிப்பது, பெனால்டிக்கு எந்தப் பக்கம் பாய்வது என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு உங்களுக்குப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போதாதென்றால் கைத்தொலைபேசியைத் திறந்தால் போதும், உலகத்துக் கோல் காப்பாளர்கள் எல்லாரும் வந்து பாய்ந்து காட்டுகிறார்கள். என்னிடம் அந்த வித்தை பெரிதாக இருந்ததும் இல்லை. இருந்திருந்தால் என் விளையாட்டுக் காலத்தின் பெரும்பகுதியை வாங்கில் கழித்திருக்க மாட்டேன்.

நான் எழுதப் போவது அந்த வாங்கைப் பற்றி. மைதானத்தின் ஓரத்தில் மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையாகக் குந்தியிருக்கிற அந்த நீளப் பலகை. புதிதாகக் கையுறை போட்டிருக்கும் தம்பி தங்கச்சிமாரே, உங்களில் முக்கால்வாசிப் பேர் அதில்தான் இருக்கப் போகிறீர்கள். கோபிக்காதீர்கள். முன்னால் ஓடுகிறவனுக்கு இடம் கிடைக்காவிட்டால் பக்கத்தில் ஓடலாம், பின்னால் நிற்கலாம். கோல் காப்பாளருக்கு இருப்பது ஒரே ஒரு இடம். அதில் ஒருவர் நின்றால் மற்றவர் இருந்து பார்க்க வேண்டியதுதான். நிற்கிறவருக்குக் காய்ச்சல் வரவேண்டும், கை முறியவேண்டும், அல்லது அவர் ஊரைவிட்டே போகவேண்டும். வேறு வழியில் உங்கள் முறை வராது. இதை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் வாங்கில் இருக்கிற எந்தக் கோல் காப்பாளருக்கும் மனத்தின் ஒரு மூலையில் இந்த எண்ணம் கிடக்கும். எனக்கும் கிடந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டைத் தாண்டிய வருடங்கள் அவை. நான் மன்னாரிலிருந்து கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்து, சென்ட் லோரன்டில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். வீடு கோட்-டெ-நெய்ஜில், நாலாம் மாடி. ஊரில் கோயில் திருநாள் போட்டிகளில் கோல் காத்த பழக்கத்தில், தொழிற்சாலைக்கு அருகே இருந்த ஒரு கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரிய கழகம் இல்லை. பகலில் வேலைக்குப் போய் மாலையில் விளையாடுகிறவர்களின் கழகம். ஆனாலும் மாகாணப் போட்டிகளில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. அங்கே கோலுக்குள் ஒரு ருஷ்யாக்காரர் நின்றார்.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். அவர் குடும்பம் இன்னும் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. கழகத்தில் எல்லாரும் அவரை 'மெஸ்யோ' என்று கூப்பிட்டார்கள். பிரெஞ்சில் அது 'ஐயா' மாதிரி. அவரைவிட வயதில் இளையவரான பயிற்றுநரும் அப்படியே கூப்பிட்டார். எனக்கு அவர் வந்து சேர்ந்த கதை பஸ் பயணங்களில் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஒரு குளிர் நகரத்தில், டிராக்டர் செய்யும் தொழிற்சாலையின் அணியில் சிறுவயதிலேயே சேர்ந்தவர். நாடு உடைந்தபோது தொழிற்சாலை சம்பளம் கொடுப்பதை நிறுத்தியது. அணியில் பாதிப்பேர் போய்விட்டார்கள். இவர் போகவில்லை. சம்பளத்துக்குப் பதிலாகத் தகரத்தில் அடைத்த மீனைக் கொடுத்தார்களாம். மீனை வாங்கிக்கொண்டு கோலுக்குள் போய் நின்றாராம். அணியையே கலைத்த பிறகு வேறு நகரங்கள், வேறு நாடுகள். கடைசியில் மகள் படிக்க வந்த இடமென்று மொன்றியல். இருபது வருடத்துக்கு மேல் கோலுக்குள் நின்றவர். இந்த இருபது வருடத்தில் எந்த ஆட்டத்திலும் யாரும் அவரை இடையில் வெளியே எடுத்தது கிடையாது. அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. இரத்த வகையைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

நான் முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு நாள் கண்ணால் கண்டேன். ஷெர்புரூக் பக்கம் ஒரு ஆட்டம். எதிரணிக்காரனின் காலில் பட்டு இவருடைய சுண்டுவிரல் பின்பக்கமாக மடங்கிவிட்டது. விரல் இருக்க வேண்டிய திசையில் இல்லை. மனிதர் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினார். விரலைப் பிடித்து இழுத்தார். பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டச் சொல்லி மருந்துப் பெட்டிக்காரப் பெண்ணிடம் நீட்டினார். பயிற்றுநர் என்னைப் பார்த்தார். நான் மேற்சட்டையைக் கழற்றத் தொடங்கியிருந்தேன். மெஸ்யோ தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் சட்டையைத் திரும்ப மாட்டினேன். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜெசிந்தா கேட்டாள்:

"இண்டைக்கும் வாங்குதானோ?"

"ஓம்."

"பாண் வேலை முடிச்சு, பஸ் எடுத்து, மழையில நனைஞ்சு, வாங்கில இருக்கிறதுக்கு இவ்வளவு தூரம் போறியள். வீட்டிலயும் ஒரு வாங்கு கிடக்குதுதானே? அதில வந்து இருங்கோவன்."

அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாங்கில் நான் சும்மா இருக்கவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

மெஸ்யோவிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆட்டம் முழுவதும் வாய் ஓயாது. தன் பின்வரிசை ஆட்டக்காரர்களின் பெயர்களைக் கத்திக்கொண்டே இருப்பார். பெயர், பிறகு இடமா வலமா, அவ்வளவுதான். அவர் கத்தினால் அந்தப் பையன்கள் திரும்பிப் பார்க்கவே மாட்டார்கள், சொன்ன பக்கம் நகர்வார்கள். பயிற்சியின்போது என்னைக் கோல் வலைக்குப் பின்னால் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்வார். ஆட்டத்தைப் பார்க்காமல் அவருடைய குரலை மட்டும் கேட்கவேண்டும். பந்து எங்கே இருக்கிறது, யார் தூங்குகிறான், எங்கே ஓட்டை என்று பிறகு நான் சொல்லவேண்டும். நாங்கள் இரண்டு பேரும் அரைகுறைப் பிரெஞ்சில்தான் பேசிக்கொண்டோம். அதை எங்கள் வீட்டுத் தமிழிலேயே இங்கே எழுதுகிறேன்.

"வாங்கில இருந்து பந்தைப் பார்க்கிறவன் ரசிகன்," என்பார். "நீ என்னைக் கேள். நான் என்ன சொல்லிறன், ஆருக்குச் சொல்லிறன் எண்டு கேள். ஒருநாள் நீ இறங்கினா அதே குரலில தொடரவேணும்."

முதலில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஒரு பருவம் முடிந்தபோது, முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர்ப் போத்தல் நிரப்பும்போதும் ஆட்டம் எங்கே போகிறது என்று என்னால் சொல்ல முடிந்தது. நீங்களும் இதைச் செய்து பாருங்கள். வாங்கில் இருக்கும்போது கைத்தொலைபேசியை நோண்டாதீர்கள்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த இன்னொன்று, இரண்டாம் கோல் காப்பாளருக்கான மரியாதை. "நான் விழுந்து கிடந்தா நீ எழும்பாதை. சட்டையில கை வைக்காதை. பயிற்றுநர் கூப்பிடுமட்டும் அசையாதை," என்றார். ஷெர்புரூக்கில் நான் சட்டையைக் கழற்றத் தொடங்கியதைக் கண்டிருக்கிறார். விழுந்து கிடக்கிறவன் வாங்கைப் பார்க்கும்போது, தன் இடத்துக்கு ஒருவன் எழும்பி நிற்பதைக் காணக்கூடாது. கோல் காப்பாளர்களுக்குள் இது எழுதாத சட்டம். மற்ற ஆட்டக்காரர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பிறகு நான் எழும்பவே இல்லை. மனிதர் நெஞ்சில் உதை வாங்கி மூச்சுக்குத் திணறியபோதும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

இப்போது அந்த ஆட்டத்துக்கு வருகிறேன்.

பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் எங்கள் கழகம் மேல்பிரிவுக்குப் போகும். அப்படியொரு சந்தர்ப்பம் கழகத்துக்கு அதுவரை வாய்த்ததில்லை. மைதானத்தைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். எங்கள் கோயில் ஆட்களும் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். நான் விளையாடமாட்டேன் என்று தெரிந்தும் என்னைப் பார்க்க வந்தவர்கள். "அன்ரன், அங்க பார், எங்கட ஆள் வாங்கில எவ்வளவு வடிவா இருக்கிறார்," என்று ஒருவன் பக்கத்தில் நின்ற அன்ரனிடம் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கையை ஆட்டினேன்.

இரண்டாம் பாதியில் நாங்கள் ஒரு கோலால் முன்னுக்கு நின்றோம். எதிரணிக்கு ஒரு கோர்னர் கிடைத்தது. பந்து உயரமாக வந்தது. மெஸ்யோ வெளியே வந்து, எல்லாருடைய தலைக்கும் மேலே எழும்பி, பந்தை இரண்டு கையாலும் பிடித்தார். அதே நேரம் பாய்ந்து வந்த ஒருவனின் முழங்கால் அவருடைய காதுக்கு மேலே மோதியது. அந்தச் சத்தம் வாங்குவரை கேட்டது. பந்தை விடாமலே விழுந்தார். அசையாமல் கிடந்தார்.

நான் எழும்பவில்லை. சட்டப்படி கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். மருந்துப் பெட்டிக்காரப் பெண் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவர் கண் திறந்தார். எழும்பி உட்கார்ந்தார். அவள் கேட்கவேண்டியதைக் கேட்டாள்: பெயர் என்ன, இது எந்த நகரம், எத்தனைக்கு எத்தனை? மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். கோல் எண்ணிக்கைப் பலகை அவருக்கு நேர் எதிரே இருந்தது. அப்போதெல்லாம் தலை அடியை இன்றைக்கு மாதிரிப் பார்க்கமாட்டார்கள். நடுவர் சரி என்றார். பயிற்றுநர் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. மெஸ்யோ பந்தை நீளமாக உதைத்தார். உதை நன்றாகவே போனது.

பிறகு அவர் குரல் கொடுக்கத் தொடங்கினார். நான் பழக்கதோஷத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்.

"சாஷா!" என்றார். பிறகு, "கோல்யா, கோல்யா!"

எங்கள் பின்வரிசையில் இருந்தவர்கள் ஒரு ஹெய்ட்டிப் பையன், இரண்டு கியூபெக்காரர், ஒரு போர்த்துக்கீசன். சாஷாவும் இல்லை, கோல்யாவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். பஸ்ஸில் எத்தனை தரம் கேட்ட பெயர்கள்! டிராக்டர் தொழிற்சாலை அணியில் அவருக்கு முன்னால் நின்ற பின்வரிசைக்காரர்கள். கோல்யா ஒரு லொறி விபத்தில் செத்துப்போய் பல வருடமாகிவிட்டது என்றும் சொல்லியிருந்தார்.

கண்ணைத் தூக்கிப் பார்த்தேன். மனிதர் கோலுக்கு முன்னால் முழங்காலை வளைத்து, கையை விரித்து, எப்போதும் நிற்கிற மாதிரியே நின்றார். பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அந்த நேரம் ஒரு பந்து வந்தது, அதையும் தட்டிவிட்டார். கூட்டம் துள்ளியது. போர்த்துக்கீசன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கிழவன் கோபத்தில் ருஷ்ய மொழியில் ஏசுகிறான் என்று நினைத்திருப்பான். மெஸ்யோ மறுபடியும் கத்தினார். செத்துப்போனவனை வலப்பக்கம் போகச் சொல்லிக் கத்தினார்.

அவர் சென்ட் லோரன்டில் நிற்கவில்லை. எங்கேயோ, எந்த வருடத்திலோ நிற்கிறார். அது தெரிந்த ஒரே ஆள் நான். அவரை வெளியே எடுத்தால் உள்ளே போகப் போகிற ஒரே ஆளும் நான்.

இதில் இருக்கிற அநியாயத்தைப் பாருங்கள். வேறு யாருக்காவது தெரிந்திருந்தால் சொல்லிவிட்டுப் போயிருப்பான். நான் வாயைத் திறந்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கே தெரியும். இவன் எத்தனை காலமாகக் காத்திருந்தான், இன்றைக்குக் கூட்டத்தைக் கண்டதும் ஆசை வந்துவிட்டது என்பார்கள். போதாக்குறைக்கு, அவரே சொல்லித் தந்த சட்டம் வேறு. கோல் காப்பாளர் நின்றுகொண்டிருக்கும்போது இரண்டாமவன் எழும்புவதா? ஆனால் அவர் மூன்றாம் தரம் கோல்யாவைக் கூப்பிட்டபோது நான் எழும்பிவிட்டேன். தீர்மானித்து எழும்பினேன் என்று சொல்லமாட்டேன். கால் எழும்பிவிட்டது.

பயிற்றுநரிடம் போனேன். "மெஸ்யோ சரியில்லை. வெளியில எடுக்கவேணும்," என்றேன்.

அவர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்பதானே ஒண்டைப் பிடிச்சவர்? போய் இரு."

"இல்லை. இல்லாத ஆக்களைக் கூப்பிடுறார். செத்த ஆளைக் கூப்பிடுறார்."

அவர் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் சுட்டது.

"உனக்கு இறங்க ஆசை. எனக்கு விளங்குது. இவ்வளவு காலம் இருந்தனீ. ஆனா இண்டைக்கு வேண்டாம். இண்டைக்கு மட்டும் கேட்காதை."

வாங்கில் இருந்த மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். எனக்காக வெட்கப்பட்டார்கள் என்று நினைக்கிறேன். திரும்பிப் போய் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அங்கே மெஸ்யோ மறுபடியும் கத்தினார்.

நான் இரண்டு கையுறையையும் கழற்றினேன். பயிற்றுநரின் கையில் திணித்தேன்.

"நான் இறங்கேல்லை. இந்தாங்கோ. ஆரை விருப்பமோ அவையளை விடுங்கோ. அந்தப் போர்த்துக்கீசனை விடுங்கோ. நான் இண்டைக்கு விளையாடமாட்டன். அந்த மனிசனை மட்டும் வெளியில எடுங்கோ."

பயிற்றுநர் கையுறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய முகம் வெளுத்துப்போனதை நான் கண்டேன். அதற்குப் பிறகு அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பந்து வெளியே போனதும் நடுவரைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார்.

தம்பிமாரே, இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லப் போகிற உண்மையில் உங்களுக்கே லாபம் இருந்தால், அந்த உண்மையை யாரும் நம்பமாட்டார்கள். நம்பாதது அவர்கள் குற்றமும் இல்லை. லாபத்தை முதலில் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். பிறகு சொல்லுங்கள், கேட்பார்கள்.

நான்தான் போய் அவரைக் கூட்டி வந்தேன். வரமாட்டார், சண்டை பிடிப்பார், ஒருவேளை அடிப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். இருபது வருடம் யாரும் வெளியே எடுக்காத மனிதர் அல்லவா? முழங்கையைப் பிடித்து, "வாங்கோ," என்றேன். வந்தார். ஒரு கேள்வியும் கேட்காமல், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிற பிள்ளை மாதிரி என்னோடு நடந்து வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சண்டை பிடித்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கோட்டைத் தாண்டியதும் வாந்தி எடுத்தார். பிறகு கால் மடிந்து விழுந்தார். மருந்துப் பெட்டிக்காரப் பெண் அலறிக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். அதுவரை என்னைப் பார்த்துக் கூச்சலிட்டுக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. பயிற்றுநர் கையுறையை என்னிடம் நீட்டினார். "போடு," என்றார். நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். "போடு. தயவுசெய்து போடு," என்றார். போட்டேன்.

இத்தனை வருடம் காத்திருந்த ஆட்டம் அது. நான் கோலுக்குள் நின்றபோது அம்புலன்ஸ் மைதானத்தின் ஓரத்தில் வந்து நின்றது. அவரைப் படுக்கையில் ஏற்றுவது எனக்குத் தெரிந்தது. பந்து எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஒரு கோல் வாங்கினேன். கடைசி நேரத்தில் இன்னொன்று. தோற்றோம். கழகம் மேல்பிரிவுக்குப் போகவில்லை.

உடுப்புக்கூட மாற்றாமல் பஸ் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் அந்த ஆஸ்பத்திரி. அவருடைய மனைவி வெளியே ஒரு கதிரையில் இருந்தார். மண்டைக்குள் இரத்தம் கசிகிறதாம், உடனே சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அவர் அழவில்லை. என் சேறு படிந்த காலையே பார்த்துக்கொண்டு, "அவர் எப்படி வெளியில வந்தவர்? அவர் வரமாட்டாரே," என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

மெஸ்யோ பிழைத்துக்கொண்டார். பல நாட்களுக்குப் பிறகுதான் பேச்சு வந்தது. இனிமேல் பந்துப் பக்கமே போகக்கூடாது என்று டொக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தார்.

ஆனால் கோயில் பக்கம் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. அதை ஜெசிந்தாதான் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து சொன்னாள். மூக்கு சிவந்திருந்தது.

"என்னவெல்லாம் கதைக்கினம் தெரியுமே? நீங்கள் போய் வத்தி வைச்சு அந்த மனிசனை வெளியில எடுப்பிச்சுப்போட்டு இறங்கினியளாம். இறங்கியும் ரெண்டு கோல் விட்டனியளாம்."

"ரெண்டு விட்டது உண்மைதானே?"

"பகிடி விடாதேங்கோ. வந்து நிண்டு பார்த்தவைதான் சொல்லினம். அன்ரன்ட மனிசி என்ர முகத்துக்கு நேர சொன்னவ."

"அம்புலன்ஸ் வந்ததை அவையள் காணேல்லையே?"

"கண்டவை. நீங்கள் எழும்பின பிறகுதான் அவர் விழுந்தவராம். நிண்ட மனிசனாம்."

நின்ற மனிதர்தான். அவர்கள் கண்டது அதைத்தான். எனக்குக் கேட்டது அவர்களுக்குக் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் கோயிலில் பின்வரிசையில் இருந்துவிட்டு, பூசை முடியுமுன்னே கிளம்பிவிடுவேன். நெஞ்சுக்குள் ஒரு புழு அரித்துக்கொண்டிருந்தது: மெஸ்யோ என்ன நினைக்கிறார்? இருபது வருடப் பெயரை ஒரு வாங்குக்காரன் கெடுத்துவிட்டான் என்று நினைக்கிறாரோ? அதனால்தான் என்னைக் கண்டதும் கண்ணை மூடுகிறாரோ?

பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், கதவு தட்டினார்கள். திறந்தேன். மெஸ்யோ நின்றார். நாலு மாடியும் ஏறி வந்த களைப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார். தலையில் கம்பளித் தொப்பி. ஜெசிந்தாதான் உள்ளே இருந்து ஓடிவந்து, "ஐயோ, வாங்கோ, வாங்கோ, இருங்கோ," என்று தமிழிலேயே சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் இருந்தார். தேத்தண்ணி வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

"அண்டைக்கு நடந்தது ஒண்டும் எனக்கு ஞாபகம் இல்லை," என்றார். "பயிற்றுநர்தான் எடுத்தவர் எண்டு எல்லாரும் சொல்லினம். நேற்று அவரைப் போய்க் கேட்டன். நீ எண்டு சொன்னார். உண்மையோ?"

"ஓம்," என்றேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் சொன்ன சட்டத்தை மீறிப்போட்டன்."

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அந்தச் சட்டம் என்ர இல்லை. எனக்கு ஒருத்தர் சொல்லித் தந்தது. டிராக்டர் தொழிற்சாலையில எனக்கு முன்னுக்கு நிண்ட கோல் காப்பாளர். நான் உன்னை மாதிரி வாங்கில இருந்தனான். நல்ல மனிசன். நான் விழுந்தா எழும்பாதை எண்டு சொன்னவர்."

ஜெசிந்தா தேத்தண்ணித் தட்டோடு நின்றாள்.

"ஒரு ஆட்டத்தில அவருக்குத் தலையில அடி. எழும்பி நிண்டார். விளையாடினார். ஆனா பந்து இல்லாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டார். எனக்கு மட்டும் தெரிஞ்சது. வாங்கில இருந்து நான் அவரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தன். கடைசிமட்டும் விளையாடினார். வெண்டோம். அவரைத் தோளில தூக்கினவை. அடுத்தநாள் காலமை அறைக்குள்ள உயிர் இல்லை."

இருபது வருடம் யாரும் வெளியே எடுக்காத மனிதர் என்று நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த கதை இப்படியா தொடங்கியது?

"அதுக்கு அடுத்த ஆட்டம் நான் இறங்கினன்," என்றார். "பேந்து நான் வெளியில வரேல்லை. விரல் உடைஞ்சாலும் வரேல்லை. மீன் தந்தாலும் வரேல்லை. அவர் வெளியில வராத ஒரு இடத்தில இருந்து எனக்கு வெளியில வர உரிமை இல்லை எண்டு நினைச்சன்."

"என்னப்பா சொல்றார்?" என்று ஜெசிந்தா மெதுவாகக் கேட்டாள். அவளுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. பொறு என்று கையைக் காட்டினேன்.

மெஸ்யோ கதிரையோடு கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்தார். உலகத்தின் பாதியைச் சுற்றி, இத்தனை கழகங்களில் நின்று, எனக்கு எல்லாம் சொல்லித் தந்த மனிதர், என் முகத்தை ஒரு பதிலுக்காகத் தேடினார்.

"நான் அதைக் கேட்கத்தான் வந்தனான். நீ எப்படி எழும்பினனீ?"

தெரிந்ததைச் சொன்னேன்.

"நீங்கள் செத்துப்போவியளோ எண்டு பயமா இருந்தது."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். காதுக்கு மேலே தையல் போட்ட இடத்தில் மயிர் முளைத்திருக்கவில்லை.

"எனக்கும் அதே பயம்தான் இருந்தது," என்றார். "நான் எழும்பேல்லை."